அண்ணனின் தலையும் பெரியக்காவின் சம்மதமும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பலருக்கு எங்கள் அண்ணனின் முதுகுதான் முதலில் தெரிந்திருக்கும். பினாங்கில் மீன்கடை, பூக்கடை, சாப்பாட்டுக்கடை என்று எங்கே ஐஸ் பெட்டி குளிராமல் நின்றுபோனாலும், அதன் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டு நின்றவர் அவர்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வேலை முடிந்தால்தான் முகத்தைக் காட்டுவார். எடுத்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு தேநீர் குடிக்கக்கூட வந்ததில்லை. அவர் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி என்னிடம் சொன்னார். நான் அவருடைய ஒரே தங்கை.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "மூளைய எடுத்துட்டாங்களாமே?" என்று சாவு வீட்டில் சிலர் கிசுகிசுத்தது என் காதிலும் விழுந்தது. ஆமாம், எடுத்தார்கள். அண்ணன்தான் கொடுத்தார். கண் காது மூக்கு வைத்து அந்தச் செய்தி ஊரைச் சுற்றுவதைவிட, உறவினர்கள் நேராகவே தெரிந்துகொள்வது நல்லது.

அண்ணன் சிம்பாங் அம்பாட்டில் பிறந்தவர். பெரியக்கா, அண்ணன், நான் என்று நாங்கள் மூவர். பெற்றோர் அடுத்தடுத்து இறந்தபோது பெரியக்காவே பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த புதிது. ஜுருவில் தொழிற்சாலை வேலைக்குப் போய் எங்கள் இருவரையும் வளர்த்தார். அண்ணன், அறையைக் குளிர்விக்கும் ஏர்கோன், ஐஸ் பெட்டி பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு ஜார்ஜ் டவுனில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். ஊருக்கெல்லாம் முதலாளி ஆன பிறகும், பெரியக்கா வேண்டாம் என்றால் அவருக்கு வேண்டாம்தான். வீடு வாங்கியது, அண்ணியைக் கட்டியது, மீசையை எடுத்தது எல்லாமே அக்காவின் சம்மதத்தோடு நடந்தவை. "மாமியார் இல்லாத வீடுன்னு நம்பி வந்தேன் லா," என்று அண்ணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

நோய் முதலில் வந்தது தைப்பூசத்தன்று. எங்கள் தண்ணீர்ப் பந்தலில் ஐஸ் பெட்டிகளுக்கு எப்போதும் அண்ணன்தான் பொறுப்பு. ரதம் நெருங்கிவிட்டது. உறுமி முழங்குகிறது, தேங்காய்கள் சிதறுகின்றன. அந்த நேரத்தில் அண்ணனின் வலது கை தானாகத் துடிக்கத் தொடங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அவ்வளவுதான், "அருள் வந்துருச்சு!" என்று கூட்டம் கும்பிட்டது. பெரியக்கா நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசி, கற்பூரத்தைக் காட்டி, "எம் பொண்ணு கல்யாணம் எப்ப கூடி வரும், சொல்லு!" என்று கேட்டார். அண்ணன் திக்கித் திணறி, "கதவு... கதவு..." என்றார்.

கதவு திறக்கப் போகிறது என்று பெரியக்கா பொருள் சொன்னார். அதற்கேற்றாற்போல் மகளுக்கும் சீக்கிரமே கல்யாணம் கூடிவந்தது. பிறகு கேட்டபோது அண்ணன் சொன்னார்: "ஐஸ் பெட்டிக் கதவ யாரோ தொறந்து போட்டுட்டாங்க. சாத்தச் சொன்னா ஒருத்தனும் சாத்தல. எல்லாரும் என்னையே கும்பிடுறானுங்க." சிரித்தோம். அத்தோடு விட்டுவிட்டோம்.

அடுத்த முறை கை துடித்தபோது பக்கத்தில் சாமியும் இல்லை, உறுமியும் இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்துகொண்டிருந்தார். அண்ணிக்குச் சந்தேகம் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். படம் எடுத்துப் பார்த்ததில் மூளையின் இடப்பக்கத்தில் கட்டி. வலது கையை ஆட்டுகிற இடமும் பேச்சு பிறக்கிற இடமும் அங்கே அருகருகே இருக்கின்றனவாம். அருள் என்று நாங்கள் கும்பிட்டது அந்தக் கட்டி தந்த வலிப்பு. பெரியக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி வந்தத நோயின்னு சொல்றாங்க. நோயா கல்யாணத்த நடத்தி வச்சுச்சு?" என்றார்.

அறுவை சிகிச்சை நடந்தது. எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டார். நம் தமிழ்ப் பெண்தான். மூளைக் கட்டிகளையும், மறதி நோய், நடுக்க நோய் போன்றவற்றையும் ஆராயும் குழுவில் அவரும் ஒருவர். "என் தலைக்குள்ள இருந்து எனக்கே எதிரா வேல பாத்தது. தாராளமா வச்சிக்குங்க," என்றார் அண்ணன். கதிர் சிகிச்சையும் மாத்திரைகளும் முடிந்து சில மாதங்கள் நன்றாக இருந்தார். வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டதால் பஸ்ஸில் ஏறிப் போய் ஐஸ் பெட்டி பார்த்தார். பிறகு கட்டி திரும்ப வந்தது. இந்த முறை கத்தி வைக்க முடியாத இடம்.

அன்று டாக்டரின் அறையில் நானும் இருந்தேன். இது ஏன் மருந்தையும் மீறித் திரும்ப வளர்கிறது என்று அண்ணன் கேட்டார். "அதத்தான் நாங்களும் தேடிக்கிட்டு இருக்கோம் அங்கிள். ஆபரேஷன்ல எடுத்த கட்டி எங்ககிட்ட இருக்கு. கடைசியில அது எப்படி மாறிப்போச்சுன்னு பாக்கத்தான் வழி இல்ல. உயிரோட இருக்கும்போது எடுக்க முடியாது. போன பிறகு யாரும் குடுக்குறதில்ல," என்றார் டாக்டர்.

அண்ணன், "நான் குடுத்தா?" என்றார்.

அதனால் அவருக்கு எந்தப் பலனும் இல்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். கட்டி இல்லாத பகுதியையும் மறதி நோயை ஆராய்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார்கள் என்றும் சொன்னார். அண்ணனின் அடுத்த கேள்வி, "எதுல வைப்பீங்க? கரண்டு போனா என்ன பண்ணுவீங்க?" என்பதுதான். சாதாரணப் பெட்டியைவிடப் பல மடங்கு குளிரான ஃபிரீசர், தனி ஜெனரேட்டர், சூடு ஏறினால் மணி அடிக்கும் என்று விளக்கிய பிறகே அவர் முகம் தெளிந்தது. உலகத்தில் யாராவது தன் மூளையைக் கொடுக்கும் முன் கம்ப்ரெசரைப் பற்றி விசாரித்திருப்பார்களா, எனக்குத் தெரியாது.

அண்ணி அழுதார். அழுதுவிட்டுச் சம்மதித்தார். பெரியக்கா பிடிவாதமாக மறுத்தார்.

"எரிக்கும்போது முழுசா போகணும்டா. அடுத்த பொறப்புல மூள இல்லாமயா பொறப்ப?"

"இந்தப் பொறப்புல இருந்ததவச்சே என்னக்கா பெருசா கிழிச்சேன்?"

"வெளையாடாத. வெட்டினீங்கன்னா நான் சாவுக்கே வரமாட்டேன்."

இந்த ஒரு வார்த்தை அண்ணனைக் கட்டிப்போட்டது. "அக்கா சரின்னு சொல்லாம வேணாம்," என்று எங்களிடம் சொல்லிவிட்டார். நான் கோபப்பட்டேன். உயிர் அவருடையது, தலை அவருடையது, இதில் அக்காவின் உத்தரவு எதற்கு என்றேன். "சோறு போட்டவ லா," என்றார். ஆனால் அவருடைய பேச்சு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு கருவிகளின் பெயர்கள். ஸ்பேனரை எடுத்துக் காட்டினால் தெரியும், சொல்ல வராது. அக்காவிடம் திரும்பக் கேட்க அவருக்கு வார்த்தை இருக்குமா என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது.

அந்த ஆடி மாதம் பட்டர்வொர்த் பக்கம் ஓர் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பெரியக்கா போயிருந்தார். கூட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கை துடித்து, கண் ஒரு பக்கமாகச் செருகி, வாய் இழுத்துக்கொண்டது. வழக்கம்போல் எல்லோரும் கும்பிட்டார்கள். ஒருவர் எலுமிச்சம்பழத்தை வாயில் வைக்கப் போனார். அண்ணனுக்காக ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்தது நினைவுக்கு வந்து, பெரியக்கா பாய்ந்து அதைத் தட்டிவிட்டாராம். "வாயில எதுவும் வைக்காதீங்க! ஒருக்களிச்சுப் படுக்க வைங்க! சாமியா இருந்தா ஆஸ்பத்திரிக்கும் வரும், மொதல்ல ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!" பூசாரிக்கே கோபம் வந்ததாம். பெரியக்கா யார் பேச்சையும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணோடு ஆம்புலன்ஸில் ஏறிப் போய், வலிப்புதான் என்று டாக்டர் சொல்லும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அங்கிருந்து நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தார். நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. அண்ணனின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"அந்த டாக்டரு பாத்த ஒடனே சொல்றாருடா, மூளையில எந்தப் பக்கம்னு. எப்படித் தெரியும்? எந்தப் புண்ணியவானோ தன்னோடத குடுத்து, அதப் பாத்துத்தானே கத்துக்கிட்டிருப்பாங்க?" அண்ணனின் தலையைத் தடவினார். "சரி. குடு. ஆனா கடைசியில தலப்பா நான்தான் கட்டுவேன். வேற யாரும் கை வைக்கக்கூடாது."

அண்ணன் ஏதோ சொல்ல உதட்டை அசைத்தார். நெடுநேரம் தேடி ஒரே ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார்.

"கதவு."

அவர் அறையில் ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. பெரியக்கா வந்த வேகத்தில் கதவைத் திறந்தபடியே விட்டிருந்தார்.

"சாத்துறேன்டா, சாத்துறேன்," என்று எழுந்துபோய்ச் சாத்திவிட்டு, கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். அண்ணன் சிரித்தார். நாங்கள் அவரிடமிருந்து கேட்ட கடைசிச் சொல் அதுதான்.

சில வாரங்களில், ஒரு காலை வேளையில், அண்ணியின் கையைப் பிடித்தபடியே அமைதியாக அடங்கினார். அவர் உடல் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனது. தாமதித்தால் பயன்படாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அன்று நண்பகலுக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முகம் தூங்குவது போல்தான் இருந்தது. பெரியக்கா எங்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, பந்தலில் அண்ணன் கட்டும் சிவப்புத் துண்டையே தலைப்பாகையாகக் கட்டினார். நீங்கள் கடைசியாகப் பார்த்த அந்தக் கோலம் அக்காவின் கை வேலை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இரவல் வண்டியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், அண்ணனின் வாடிக்கையாளர்களை விட்டுவிடாமல் கவனித்துக்கொண்ட தொழில் நண்பர்கள், கேள்வி எதுவும் கேட்காமல் காரியங்களை முறைப்படி நடத்திக்கொடுத்த பண்டாரம், பந்தல் தம்பிகள், தாதியர், டாக்டர் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கிசுகிசுத்தவர்களுக்கும்தான். நீங்கள் இல்லாவிட்டால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் ஓராண்டுப் பூசைக்கு அழைப்பதற்காக நானும் பெரியக்காவும் டாக்டரைப் பார்த்தோம். பெரியக்கா வெற்றிலைத் தட்டை நீட்டிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எந் தம்பி இருக்குற எடம் ரொம்பக் குளிருமா டாக்டர்?"

"ரொம்பக் குளிரும் அம்மா."

"அவனுக்குப் பழக்கந்தான். வேல முடிஞ்சிருச்சா?"

"இல்லம்மா. இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம். இன்னும் பல வருஷம் ஆகும்."

பெரியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆகட்டும். முடிச்சிட்டே வரட்டும். பாதியில விட்டுட்டு வந்தான்னா நானே வீட்டுக்குள்ள சேக்க மாட்டேன்."