ஒரு வருஷத்து இரும்பு

கெல்சென்கிர்ச்சனில் அசோகன் லேத் ஓட்டிய பல்சக்கரத் தொழிற்சாலையில் எழுநூறு பேர் வேலை பார்த்தார்கள். அவன் கடைந்து வைத்த உருப்படியை இது சரியில்லை என்று திருப்பி அனுப்பியவன் அந்த எழுநூறு பேரில் ஒருவன்கூடக் கிடையாது. ஜெர்மன் மேஸ்திரி மைக்ரோமீட்டரை வைத்து அளப்பார், சந்தேகப்பட்டு மறுபடி அளப்பார், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். ஒன்றும் சொல்லாமல் போவதுதான் அங்கே பாராட்டு. கோவை பீளமேட்டில் எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டுப் பட்டறைக்குள் நுழைந்தவன், இருபத்து மூன்று வயதில் இரண்டு வருஷப் பயிற்சி ஒப்பந்தத்தோடு விமானம் ஏறினான். சிபாரிசுக் கடிதம் எதுவும் கிடையாது. கைவேலையைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

வந்து ஒரு வருஷத்துக்குள் அவனுக்கு ஒன்று புரிந்துபோயிற்று. பொருளைச் செய்கிறவன் கீழே எண்ணெய்க் கறையோடு நிற்கிறான். அதை எந்த நாட்டுக்கு, யாரிடம், என்ன பேசி விற்பது என்று தெரிந்தவன் மாடியில் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறான். ஒப்பந்தம் 1974 மார்ச்சில் முடியும். அப்படியே ஊருக்குப் போனால் அதே பட்டறை, அதே லேத். முதலாளி கொஞ்சம் மரியாதையாகக் கூப்பிடுவார், அவ்வளவுதான். எங்காவது ஒரு மாடிப்படி ஏறி அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளாமல் திரும்புவதில்லை என்று அசோகன் தனக்குள் முடிவு செய்துகொண்டான். அதற்காகவே வாரத்தில் மூன்று மாலை தொழிற்பள்ளிக்குப் போனான்.

வழி ஒரு போட்டியாக வந்தது. 1973 அக்டோபரில், பக்கத்து ஊரான போகுமில், மாணவர்களுக்கு வியாபாரப் போட்டி. பன்னிரண்டு குழுக்கள், குழுவுக்கு மூன்று பேர். ஒவ்வொரு குழுவும் காகிதத்தில் ஒரு பம்புக் கம்பெனி நடத்த வேண்டும். மொத்தம் எட்டு சனிக்கிழமை. ஒரு சனிக்கிழமை என்பது கம்பெனிக்கு மூன்று மாதம். இரும்பு எவ்வளவு வாங்குவது, பம்பு எத்தனை செய்வது, என்ன விலை வைப்பது என்று படிவத்தில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, யார் மேலே யார் கீழே என்று அடுத்த சனிக்கிழமை அச்சடித்த தாளைத் தருவார்கள். முதல் மூன்று இடம் பிடிக்கிற குழுவினருக்கு, பக்கத்தில் இருந்த நிஜமான பம்புக் கம்பெனி ஒன்று தன் ஏற்றுமதி அலுவலகத்தில் ஒரு வருஷம் பயிற்சி கொடுக்கும்.

அசோகனை அதில் சேர்த்தவர் சந்திரமௌலி. மெட்ராஸ்காரர், போகுமில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். புள்ளியியல் படித்த சாந்தா என்ற திருச்சிப் பெண்ணையும் அவர்தான் சேர்த்தார். மூன்றாவது ஆளாக அசோகனைத் தேடி வந்ததற்குக் காரணம் அவனுடைய மூளை அல்ல. ரூல் புத்தகத்தில் இருந்த ஒரு வரி. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் தொழிற்பள்ளி மாணவராக இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

முதல் நாள் மேஜைமேல் பெயர்ச்சீட்டு வைத்திருந்தார்கள். சந்திரமௌலியின் பெயருக்குக் கீழே தலைவர் என்று எழுதியிருந்தது. சாந்தாவின் பெயருக்குக் கீழே உற்பத்தி, கணக்கு. அசோகனின் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை. என்ன எழுதுவது என்று மௌலிக்குத் தோன்றவில்லையாம். அசோகன் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். வெற்றிடம் இருந்தால் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம்.

அன்றைக்கு நடந்த முதல் காரியமே பெரிய பிழை. படிவத்தின் முதல் கேள்வி, இரும்பு எத்தனை மாதத்துக்கு வாங்குகிறீர்கள் என்பது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. பன்னிரண்டு மாதம் என்று சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் இரும்பு கோட்டாவில் வரும். பர்மிட் இருந்தால் வரும், இருந்தும் வராமல் போகும். வந்த அன்றைக்கு அள்ளி வைத்துக்கொள்ளாத பட்டறைக்காரன் மறுமாதம் கதவைச் சாத்துவான். இரும்பைத் தொட்டே பார்க்காத மௌலிக்கும் சாந்தாவுக்கும்கூட அது ரத்தத்தில் இருந்தது. சர்க்கரையும் மண்ணெண்ணெயும் வந்த அன்றைக்கு வாங்கி வைக்கிற வீடுகளில் வளர்ந்தவர்கள் இருவரும். அசோகன் படிவத்தில் எண்ணை எழுதினான். மௌலி கையெழுத்துப் போட்டார்.

மற்ற பதினொரு குழுவும் அந்த மூன்று மாதத்துக்கும் மேல்மிச்சமாக இரண்டு வாரம், மூன்று வாரத்துக்கும் மட்டும் வாங்கியிருந்தார்கள். அந்த நாட்டில் கேட்டால் லாரி வந்து நிற்கும். கிடங்கு வாடகை என்று ஒன்று இருக்கிறது என்பதே இந்த மூவருக்கும் இரண்டாவது சனிக்கிழமை தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பன்னிரண்டாவது இடம். போட்டியை நடத்திய பிராண்ட் என்ற ஆசிரியர், மெலிந்த மனிதர், மேஜைக்கு வந்து தாளைப் பார்த்தார். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்.

"யாருக்குப் பயந்து இவ்வளவு வாங்கினீர்கள்?"

மௌலிக்கு நல்ல ஜெர்மன் தெரியும். ஆனாலும் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

அவர் போனபிறகு பேச்சு அசோகன் பக்கம் திரும்பியது. எண்ணை எழுதிய கை அவன் கை அல்லவா. ரூலுக்காக ஓர் ஆளைச் சேர்த்தால் இப்படித்தான் என்று மௌலி முணுமுணுத்தது அவன் காதில் விழுந்தது. கையெழுத்து யாருடையது என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். அவன் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அந்த இரும்பையே நினைத்துக்கொண்டு லேத் ஓட்டினான். வாடகை தின்கிற இரும்பு. காகிதத்து இரும்புதான், ஆனாலும் இரும்பு.

மூன்றாவது சனிக்கிழமையும் பன்னிரண்டாவது இடம். நினைத்ததில் பாதிப் பம்புதான் விற்றிருந்தது, இரும்பு பெரும்பகுதி கிடங்கிலேயே கிடந்தது. மௌலி ஒரு திட்டம் சொன்னார்: இனி எதுவும் வாங்காமல், இருப்பை மெல்லக் கரைத்து, பம்பு விலையைக் குறைத்து ஓட்டுவோம். அசோகன் கையில் இருந்த பென்சிலைக் கீழே வைத்தான்.

"மத்த டேபிளுக்கு வித்துப்போடலாமுங்க."

மௌலி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அசோகன், அவங்க நம்ம காம்பிடிட்டர்ஸ். எதிராளிக்கே சப்ளை பண்றது எந்த புக்ல இருக்கு?"

"எந்த புக்கிலயும் இல்லீங்க. அதனாலதான் இன்னும் எவனும் செய்யலை."

பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சுக்குப் பேப்பர் காட்டுவதுபோல என்று மௌலி சொல்லிவிட்டார். அசோகனுக்கு அந்த உவமையே புரியவில்லை. அவன் அவ்வளவு பரீட்சை எழுதியதில்லை. அவனுக்குத் தெரிந்தது பட்டறை வீதி. அங்கே ஒருத்தனிடம் இரும்பு ராடு தீர்ந்துவிட்டால் எதிர்ப் பட்டறையில் போய் நிற்பான். இவன் கொடுப்பான், அவசரத்துக்கு ஏற்றபடி விலை சொல்லுவான். மறுநாள் இரண்டு பேரும் ஒரே ஆர்டருக்கு அடித்துக்கொள்ளுவார்கள். அதில் மானம் போவதற்கு என்ன இருக்கிறது?

அசோகன் கீழே வைத்த பென்சிலைச் சாந்தா எடுத்தாள். ஒரு தாளை எடுத்துக் கிடங்கு வாடகையைப் பெருக்கினாள். இப்படியே கரைத்தால் எட்டாவது சனிக்கிழமையும் கடைசி இடம்தான் என்று காட்டினாள். பிறகு மௌலியிடம், "கேட்டுப் பார்க்கட்டுமே. நோ சொன்னா நோ. நமக்கு இழக்க என்ன இருக்கு?" என்றாள்.

அசோகன் எழுந்து போனான். அவன் பேசிய ஜெர்மன், சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளோடு லேத் பக்கத்தில் நின்று கற்றது. இலக்கணம் பார்க்காது, வேலை நடக்கும். ஒரு குழு இன்னொரு குழுவுக்கு இரும்பு விற்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று பிராண்டிடம் கேட்டான். அவர் ரூல் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார், கடைசியிலிருந்து முதல்வரை புரட்டினார். எழுதியிருக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். நாலாவது சனிக்கிழமை காலையில் சொன்னார்: இரண்டு குழுவும் கையெழுத்துப் போட்ட தாள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் தன் கைக்கு வந்தால் செல்லும்.

அதே காலை இன்னொரு அறிவிப்பும் வந்தது. இந்த மூன்று மாதத்தில் ஒரு பெரிய கண்காட்சி நடக்கிறதாம், பம்புக்கு ஆர்டர் ஒன்றரை மடங்கு வருமாம். ஆனால் இன்றைக்குக் கேட்கிற இரும்பு அடுத்த சனிக்கிழமைதான் வந்து சேரும். அது முதலிலேயே உள்ள ரூல். பதினொரு மேஜையிலும் தலைகள் குனிந்தன. மேல்மிச்சமான இரண்டு வாரத்து இருப்பை வைத்துக்கொண்டு அவ்வளவு ஆர்டரை எப்படி எடுப்பது?

அசோகன் எந்தத் தலைவரிடமும் போகவில்லை. நேரே காபி இயந்திரத்துக்குப் போனான். அங்கே வரிசையில் யார் நிற்பார்கள் என்று முதல் வாரத்திலேயே கவனித்து வைத்திருந்தான். ஒவ்வொரு மேஜையிலிருந்தும் தொழிற்பள்ளி ஆள்தான் மற்ற இருவருக்கும் காபி வாங்க வருவான். பன்னிரண்டு பெயரில்லாத வேலைக்காரர்கள். அதில் ஊர்சுலா என்று ஒருத்தி, சுரங்கத் தொழிலாளி மகள், வணிகத் தொழிற்பள்ளியில் படிக்கிறவள். முதல் வாரமே அவனைப் பார்த்து, "நீயும் அந்த ஒரு வரிக்காகத்தானே?" என்று கேட்டிருந்தாள். அன்றிலிருந்து பழக்கம்.

"உங்களுக்கு இரும்பு எவ்வளவு குறைகிறது?" என்று அசோகன் கேட்டான்.

அவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணைச் சொன்னாள். அவன் விலையைச் சொன்னான், வாங்கியதைப்போல ஒன்றரை மடங்கு. அவள் சிரித்தாள்.

"இந்தியா, உனக்கு வெட்கம் கிடையாதா?"

"கிடங்கு நிறைய இரும்பு இருக்கிறது. வெட்கம் வைக்க இடமில்லை."

பேரம் ஒன்றேகால் மடங்குக்கு முடிந்தது. பின்னால் நின்ற இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் வந்து கேட்டார்கள். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மூன்று தாள் பிராண்டின் மேஜையில் இருந்தது. மூன்றிலும் மௌலி கையெழுத்துப் போட்டிருந்தார். சாந்தா அசோகனின் பெயர்ச்சீட்டை இழுத்து, பெயருக்குக் கீழே ஜெர்மனில் விற்பனை என்று எழுதித் திருப்பி வைத்தாள்.

அடுத்த தாளில் ஏழாவது இடம். கைக்கு வந்த காசில் புது இயந்திரம் வாங்கச் சொன்னது மௌலி, எந்த விலைக்கு எத்தனை பம்பு போகும் என்று கணித்தது சாந்தா. படித்தவர்களும் உபயோகம்தான், சரக்குக் கைமாறிய பிறகு. ஆறாவது சனிக்கிழமை ஐந்தாவது இடத்துக்கு வந்தார்கள்.

அந்த நவம்பர் கடைசியில்தான் வெளியே காற்று மாறியது. எண்ணெய்த் தட்டுப்பாடு. ஞாயிற்றுக்கிழமை யாரும் கார் ஓட்டக்கூடாது என்று உத்தரவு. கூடவே, வெளிநாட்டிலிருந்து இனி ஆள் எடுப்பதில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. முன்பெல்லாம் பயிற்சி ஒப்பந்தத்தை ஒரு முத்திரை குத்தி நீட்டிவிடுவார்கள். தொழிற்சாலை அலுவலகத்தில் அசோகனைக் கூப்பிட்டு, மார்ச்சுக்குமேல் முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வேலையில் குறை இல்லை, நாடு அப்படி என்றார்கள். அதுவரை அந்த ஒரு வருஷப் பயிற்சி ஓர் ஆசை. இப்போது திறந்திருக்கிற கதவு அது ஒன்றுதான். மூன்றாம் இடத்துக்குள் வந்தால் இருக்கலாம். வராவிட்டால் மார்ச்சில் பெட்டி கட்ட வேண்டும்.

முடிவு சொன்னது டிசம்பர் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அசோகன் டிராமில் போனான். ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது. நடுரோட்டில் ஒரு குடும்பம் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தது. பயிற்சி தருவதாகச் சொன்ன பம்புக் கம்பெனியின் ஏற்றுமதி மேலாளர் லோமான், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினார். சங்கிலியில் சிக்காமலிருக்கக் கால்சட்டை நுனியில் மாட்டிய கிளிப்பைக் கழற்ற மறந்து அப்படியே மேடையேறினார்.

முதல் இரண்டு இடம் எதிர்பார்த்த குழுக்களுக்கு. மூன்றாவது ஊர்சுலாவின் குழு. நான்காவது அசோகன் குழு.

மௌலி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நம்ம இரும்புல அவங்க தேர்டு வந்துட்டாங்க, அசோகன்," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அதிகம் வலித்தது. ஊர்சுலா எதிர் மேஜையில் எழுந்து நின்றாள், இவன் பக்கம் பார்க்க முடியாமல் வேறெங்கோ பார்த்தாள். அவள் குழு எட்டாம் இடத்திலிருந்து ஏறியது அந்த நாலாவது சனிக்கிழமையில்தான். அசோகனுக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும்.

பிறகு லோமான் பரிசு பெற்ற மேஜைகளுக்குப் போய், உங்கள் நல்ல முடிவு எது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஊர்சுலாவின் தலைவன் விளம்பரச் செலவு என்று ஆரம்பித்தான். அவள் இடைமறித்து, இல்லை, இந்தியர்களிடம் வாங்கிய இரும்பு என்றாள். விற்றது யார் என்று அவர் கேட்டார். அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

லோமான் கிளிப்போடு நடந்து வந்தார். பெயர்ச்சீட்டைக் குனிந்து படித்தார். அசோகனிடம் நேராகக் கேட்டார்.

"அவர்கள் உங்களைத் தாண்டிப் போவார்கள் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், விற்றிருப்பீர்களா?"

பொய் சொல்லிப் பயனில்லை என்று அசோகனுக்குத் தெரியும்.

"விற்றிருப்பேன். ஒன்றரைக்குக் கீழே இறங்கியிருக்க மாட்டேன்."

லோமான் சிரிக்கவில்லை. மேஸ்திரி மைக்ரோமீட்டரை வைத்துவிட்டுப் பார்ப்பதுபோலப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நின்றார். அந்த மௌனம் அசோகனுக்குப் பழகிய மௌனம். அதனால் இன்னொரு வாக்கியமும் சொல்லிவிட்டான்: என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது.

ஏற்றுமதி அலுவலகத்தில் இடம் மூன்று குழுவுக்கு மட்டும்தான், அது ரூல், அதை நான் மாற்ற முடியாது என்றார் லோமான். ஆனால் உதிரிபாகம் அனுப்புகிற பிரிவு ரூல் புத்தகத்தில் இல்லை. ஆறு மாதம், கீழ்த் தளம், பயிற்சி என்று எழுதித் தருகிறேன், வேண்டுமா என்று கேட்டார். ரூல் புத்தகத்தில் இல்லாததைத் தேடிப் பிடிப்பது அசோகனுக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த சாந்தா, அப்போதுதான் முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தாள்.

பயிற்சி என்று எழுதியிருந்ததால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்குவதற்கு முத்திரை குத்தினார்கள். மாடிப்படி கிடைக்கவில்லை. ஆனால் எந்த நாட்டுக்காரன் எந்த பம்பில் எந்தப் பாகத்தை உடைக்கிறான், எதற்கு அவசரப்படுகிறான், என்ன விலைக்கு மறுபேச்சுப் பேசாமல் வாங்குகிறான் என்று கீழ்த் தளத்தில் தெரிந்த அளவுக்கு மாடியில் இருந்தவர்களுக்குத் தெரியாது. இதை மாடிக்கு வந்து சேர்ந்த ஊர்சுலாவே ஒத்துக்கொண்டாள். வாரம் இரண்டு தடவை காபியோடு கீழே இறங்கி வந்து கேட்டுவிட்டுப் போவாள்.

ஏப்ரல் முதல் நாள் அவனுக்கு ஒரு சின்ன மேஜை கொடுத்தார்கள். பெயர்ப்பலகை தயாராக இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அசோகன் அவசரப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து அந்தப் பழைய பெயர்ச்சீட்டை எடுத்தான், மடிப்பை நீவினான், சாந்தா எழுதிய எழுத்து வருகிறவர்களுக்குத் தெரியும்படி வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தான். பெயர்ப்பலகை வந்த பிறகும் அதை எடுக்கவில்லை.