டெய்லர் மணி போட்ட கையெழுத்து

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனைப் பேருந்து நிழற்குடையைப் பிரித்துப் போட்டுவிட்டு, புதிதாகக் கட்டி முடித்ததாகப் பலகை மட்டும் வைத்தார்கள். ஆத்திரத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். ஆனால் நான் அரசு ஊழியன். பயந்துபோய், என் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் டெய்லர் மணியிடம் கையெழுத்து வாங்கி அவர் பெயரில் அனுப்பினேன்.

ஒருநாள் காலை நிழற்குடை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இருவர் அவர் கடைக்கு வந்தார்கள்.

"மனு எழுதினது யாருய்யா?"

நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். மணி என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான். இன்னா இப்போ?"

முறைத்துவிட்டுப் போனார்கள். இறங்கி ஓடி அவர் கையைப் பிடித்தேன்.

"எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும் சார். அதுல இன்னா எழுதிக்கீதுன்னு இப்பவாச்சும் சொல்லு."

மனுவின் நகலை எடுத்துவந்து படித்துக் காட்டினேன்.

அடுத்த மனுவை என் பெயரிலேயே போட்டேன். வாசலில் வண்டி நின்றால் இன்றும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.