எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

பிணத்தின் தலைமாட்டில், காற்று வரும் பக்கமாகப் பார்த்துக் குத்தவைத்து ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொள்கிறார் உச்சிமாகாளி. கிணற்றில் விழுந்தவனோ மருந்தைக் குடித்தவளோ, கோவில்பட்டியிலிருந்து போலீஸ் வந்து சேரும்வரை நாய் நரி அண்டாமல் காப்பது ஊர்த் தலையாரியான அவர் பாடு. ஈ மொய்த்தால் துண்டால் விசிறுவார். "சித்த பொறு தாயி, இன்னா வந்துருவாவ" என்று சமாதானம் வேறு சொல்வார். வீட்டுக்குப் போனால், மேலுக்குத் தண்ணீர் ஊற்றாமல் படியேற விடமாட்டாள் மனைவி சொர்ணத்தாய்.

ஆள் யாரென்று தெரியாத பிணம் என்றால் சங்கதி வேறு. விசாரணை, சாட்சி, கோர்ட்டு அலைச்சல் என்று ஊரே சீரழியும். ஆகவே ஊருக்கு அதிகாரியான கிராம முன்சீப் கண்ணைக் காட்டுவார். உச்சிமாகாளி அதை எல்லைக்கல்லுக்கு அந்தப்புறம் இழுத்துப் போட்டுவிட்டு வருவார். பக்கத்து ஊர்த் தலையாரி முப்பிடாதியும் லேசுப்பட்டவரில்லை. ஆள் அசந்தால் திருப்பி இங்கே தள்ளிவிடுவார். மறுநாள் சந்தையில் இரண்டு பேரும் ஒன்றாக டீ குடிப்பார்கள். இந்தக் கரிசலில் ஊர் நிர்வாகம் ரொம்பக் காலமாக இப்படித்தான் நடக்கிறது.

மழை பொய்த்த இந்த எழுபத்தைந்தாம் வருஷக் கோடையில், பிழைப்புத் தேடி நடந்துபோன ஒரு பெண் பருத்திக்காட்டு ஓரம் விழுந்து செத்துக் கிடந்தாள். உச்சிமாகாளி வழக்கம்போல அந்தப்புறம் கொண்டுபோய்ச் சேர்த்தார். விடிந்து பார்த்தால் இந்தப்புறம் கிடக்கிறாள். சேலை கிழிந்து, குதிகால் இரண்டும் தோலுரிந்து போயிருந்தன. முன்சீப்பும் வந்து நின்றார்.

"ஏலே, வெயில் ஏறுமுன்ன அங்கன தள்ளிரு."

"வேண்டாம்யா. காலைப் பாருங்க. நான் இழுத்தது பாதி, அவன் இழுத்தது பாதி. யாரு பெத்த பிள்ளையோ. போலீசுக்குச் சொல்லி அனுப்புங்க. இங்கனயே பொதச்சிருவோம்."

"சொன்னதச் செய்யலன்னா வேலை போயிரும். அப்புறம் பிள்ளைகுட்டியக் கூட்டிக்கிட்டு நீயும் இவள மாதிரி ரோட்டுல நடக்க வேண்டியதுதான்."

அந்தச் சம்பளம் நின்றால் சொர்ணத்தாயின் அடுப்பு எரியாது என்பது முன்சீப்புக்கும் தெரியும். உச்சிமாகாளி கிழிந்த சேலையைக் கால்வரை இழுத்து மூடினார். பிறகு தலையாரி வேலைக்கு அடையாளமாகத் தோளில் குறுக்காகக் கிடந்த டவாலிப் பட்டையைக் கழற்றி, ஊர்ப் பெயர் வெட்டிய பித்தளை வில்லை மேலே தெரியும்படி அவள் நெஞ்சின்மேல் வைத்தார்.