சிவப்புப் பொத்தான்

மெஹரிடம் ஆயுதம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

மரக்காணத்தில் உப்பு அரைக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. சுமைதூக்கும் இருவர் கத்தியால் குத்திக்கொண்ட பிறகு, வாசலில் ஒரு கேமரா வைத்தார்கள். தூரத்தில் நடந்து வருகிறவர்களின் துணிக்குள் மறைந்திருப்பதை அது காட்டிவிடும். அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்ப்பவள் நான். நடந்து வருகிறவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை... நீங்களாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம்.

மெஹர் அங்கே கணக்குப் பார்ப்பவள். கூனிமேட்டிலிருந்து, கம்பெனிக்கு லாரி ஓட்டும் என் கணவரின் வண்டியில்தான் வருவாள். அவள் சிரித்தபடி இறங்குவதை நான் தினமும் பார்ப்பேன்.

"அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ தைரியம் தெரியுமா?" என்றார் என் கணவர் ஒருநாள்.

"அப்படி என்ன தைரியம்?"

"ஒண்ணுமில்ல, விடு."

அந்த 'விடு' என்னைத் தூங்கவிடவில்லை. எனக்குத் தெரியாத எதை அவளோடு பகிர்ந்துகொண்டிருக்கிறார்?

மறுநாள் காலை, நீண்ட விடுப்பு முடிந்து வந்த அவளுடைய இடது மார்பில் ஒரு வட்டம் திரையில் மின்னியது. பயிற்சியில் அதைக் காட்டியிருந்தார்கள். புற்றுநோயால் மார்பை இழந்தவர்கள் உள்ளே வைத்துக்கொள்ளும் திண்டு. அப்படி வந்தால் தனியறைக்கு அழைக்க வேண்டும், வெளியே சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

நான் சிவப்புப் பொத்தானை அழுத்தி, வாசலில் நின்ற காவல்காரப் பெண்ணிடம் மைக்கில், "நெஞ்சுல ஆயுதம் மாதிரி இருக்கு, அங்கேயே செக் பண்ணுங்க" என்றேன்.

"அக்கா, ரூமுக்கு வர்றேன்... இங்க வேணாங்க" என்று மெஹர் காவல்காரப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டது திரையில் தெரிந்தது; குரலும் கேட்டது. அப்போதாவது தடுத்திருக்கலாம். மைக் என் கையில்தான் இருந்தது. ஏன் தடுக்கவில்லை? அவள் அழுவதை என் கணவர் பார்க்கட்டும் என்று நினைத்தேனோ...

சோதித்ததில் திண்டு மண்ணில் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். என் கணவர் ஓடிவந்து அதை எடுத்துத் தன் துண்டில் மூடி அவளிடம் கொடுத்தார். அந்த நிமிஷத்திலும் எனக்கு வயிறு எரிந்தது.

"ஆபரேஷனுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணேன்னு கேட்டுச்சு" என்றார் வீட்டில். "எந்த முட்டாள் அதை ஆயுதம்னு சொன்னது?"

திரை பார்க்கும் இன்னொரு பெண்ணின் பெயரைச் சொன்னேன். அந்த நேரத்தில் அறையில் இல்லாதவள் போல நடித்தேன். நம்பிவிட்டார்.

மெஹர் வேலையை விட்டுவிட்டாள். அவள் பேச்சையே அவர் எடுப்பதில்லை. கூனிமேட்டைக் கடக்கும்போது மட்டும் லாரியின் வேகம் குறைகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது.