துரையின் பெயரும் ஒரு சுளகு தவிடும்

என்னுடைய குடும்பப் பெயர் ஒரு வெள்ளைக்காரனுடையது. அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மெல்பேர்னில் பாதிப்பேர் எனக்குச் சொந்தம் என்று வந்து நிற்பார்கள். வயோதிபர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டு, என் தலைக்கு மேலால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தேடிய வெள்ளைக்காரி வரவில்லை. நான்தான் அது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லவேண்டியிருந்தது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது அன்றைக்கே அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஆனாலும் அந்தப் பெயரை நான் விட்டதில்லை. கலியாணம் கட்டியபோது புருஷனுடைய பெயரைப் போடச் சொல்லி எல்லோரும் நெருக்கினார்கள். மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். இவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான், ஆனால் விட்டுவிட்டார். காரணத்தை இவரிடம்கூட நான் சொன்னதில்லை. அந்தப் பெயர் என்னோடு இருக்கும்வரை நான் அப்பாவின் மகள், அண்ணாவின் தங்கச்சி. அதுவும் போய்விட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்ற பயம்.

அந்தப் பயம் எனக்குப் பால்குடி மறந்த நாளிலிருந்து இருக்கிறது என்று நினைக்கிறேன். அண்ணாவுக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தவறின. பிறகுதான் நான். மன்னார்ப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அடுத்தடுத்துப் பிள்ளைகள் தவறினால், அடுத்ததாகப் பிறக்கும் பிள்ளையை அயல் வீட்டுக்காரிக்கு, அரிசி புடைக்கிற சுளகில் ஒரு சுளகு தவிட்டுக்கு விற்றுவிட்டு, பிறகு திருப்பி வாங்கிக்கொள்வார்கள். இது விலைபோகாத பிள்ளை என்று நினைத்துச் சாவு பேசாமல் போய்விடுமாம். யேசுவைக் கும்பிடும் வேதக்காரர்கள் இதையெல்லாம் செய்யக்கூடாது என்று கோயில் சுவாமி பிரசங்கத்தில் திட்டுவார். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து எல்லோரும் செய்வார்கள். என்னையும் அப்படித்தான் விற்று வாங்கினார்கள்.

ஊரில் எந்தப் பிள்ளையையும் “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது” என்று சொல்லி அழவைப்பது ஒரு விளையாட்டு. மற்ற வீட்டு அம்மாமார் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். “ஓம், பெரிய விலை குடுத்திட்டம்” என்று தாங்களும் சேர்ந்து பகிடி பண்ணுவார்கள். என் அம்மா மட்டும் சிரித்ததில்லை. ஒருமுறை மாமா முறையான ஒருவர் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு அதைச் சொன்னபோது, அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்து, “இனி இந்த வாசல் மிதிக்கக்கூடாது” என்றா. மனுசன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அம்மா எனக்காகப் பேசியது எனக்குச் சந்தோசமாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. பொய்க்கு ஒருவரும் இவ்வளவு கோபப்படமாட்டார்கள் என்று அந்த வயதிலேயே எனக்குத் தோன்றியது.

அம்மாவும் அப்பாவும் செத்துப்போனார்கள். மிச்சம் அண்ணா ஒருவர்தான், சிட்னியில், மெரிலேண்ட்ஸில். நான் மெல்பேர்னில் கிரெய்கிபர்னில். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து கார்க் கதவைச் சாத்தியதும் அண்ணா எனக்குப் போன் எடுப்பார். பிரசங்கம் நீளம் என்று குறை சொல்வதற்காகவே எடுப்பார். அந்தக் குரலைக் கேட்காத ஞாயிறு எனக்கு ஞாயிறே இல்லை.

அண்ணாவுக்குத்தான் அந்த வெள்ளைக்காரப் பெயரில் பெரிய மோகம். அது வந்த கதை இதுதான். எங்கள் பூட்டனுடைய தகப்பன், சிலாவத்துறையில் முத்துக்குளிப்பைப் பார்க்க வந்த ஒரு துரைக்குக் குசினிக்காரன். அந்தக் குசினிக்காரனுக்கும் பிள்ளைகள் தங்கவில்லை. பூட்டன் பிறந்தபோது, அயல் வீட்டுக்காரியை விடத் துரைக்கு விற்றால் சாவு கிட்டவும் வராது என்று நினைத்திருக்கிறார்கள். துரை சிரித்துக்கொண்டு தவிட்டைக் கொடுத்து வாங்கினாராம். ஞானஸ்நானத்தில் அவருடைய பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். பிள்ளையைத் திருப்பி வாங்கினார்கள், பெயர் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் ஊர் வாயை மூடமுடியுமா? பிள்ளை வெள்ளையாக இருந்தது, கண் பூனைக்கண். தவிடும் இல்லை ஒன்றும் இல்லை, அது துரையின் பிள்ளையேதான் என்று குசுகுசுத்தார்கள். அப்பா அந்தப் பேச்சைக் கேட்டால் அடிக்கப் போவார். அண்ணா மட்டும் அது உண்மையாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். வேலையிடத்தில் தனக்கு இங்கிலாந்து ரத்தம் இருக்கிறது என்று ஏற்கனவே அவிழ்த்துவிட்டிருந்தார்.

அப்படியிருக்கும்போதுதான் எச்சிலைத் துப்பி அனுப்பினால் பரம்பரையைச் சொல்லும் பரிசோதனை அவர் கண்ணில் பட்டது. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. எனக்குரிய எச்சில் குழாய் தபாலில் வந்தது.

“உனக்கேன் அண்ணா என்ர எச்சில்?” என்று கேட்டேன்.

“ஒரு தாய் தகப்பனுக்குப் பிறந்தாலும் எல்லாம் சரிசமனா வராதாம். எனக்கு விட்டுப்போனது உனக்கு வந்திருக்கும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் துரையைப் பிடிக்கலாம்.”

அவருக்குத் துரையைப் பிடிக்கவேண்டும். எனக்கு அந்தக் குழாயே வேண்டாம். அதைக் குசினி அலுமாரியில் சீனிப் போத்தலுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். சீனி எடுக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது. பிறகு சீனியை வேறு தட்டுக்கு மாற்றினேன். அண்ணா கேட்கும்போது காய்ச்சல் என்றேன், வேலை என்றேன், மறந்துவிட்டேன் என்றேன். சாப்பிட்டுவிட்டுத் துப்பக்கூடாதாம், நான் எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிறேன் என்றேன். அது மட்டும் உண்மை.

ஒருநாள் மச்சாள், அண்ணாவின் மனைவி, போனை வாங்கினா. அவ வாய்க்கொழுப்பு உள்ளவ, மனதில் ஒன்றும் இல்லை.

“என்ன மச்சாள், தவிட்டுக்கு வாங்கினது தெரிஞ்சிடும் எண்டு பயமோ?” என்று சொல்லிச் சிரித்தா.

எனக்குத் தலையில் ரத்தம் ஏறிவிட்டது. போனை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து, குழாயை எடுத்து, ஊரில் என்னைப் பகிடி பண்ணின அத்தனை பேரையும் நினைத்துத் துப்பினேன். அவ்வளவு எச்சில் ஒரு மனுசியிடம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. உடனே காரை எடுத்துக்கொண்டு போய்த் தபால் பெட்டியில் போட்டேன். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் கோபம் இறங்கிவிட்டது. பெட்டியின் வாயில் கையை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. பின்னால் கடிதத்தோடு நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மரியாதையாக விலகி நின்று காத்திருந்தார்.

அதன் பிறகு நான் நித்திரை கொண்டதாக நினைவில்லை. வேலையிடத்தில் ஒரு பாட்டிக்குச் சோறு தீத்திக்கொண்டிருக்கும்போது கரண்டியைப் பாதியில் பிடித்தபடி நின்றுவிட்டேன். வாய்க்குக் கீழே என் நாடியைக் கண்ணாடியில் பார்த்தேன். அம்மாவின் நாடி போல இருந்தது. இன்னொரு நாள் பார்த்தால் இல்லை. அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, என் புருஷனைக் கூப்பிட்டு, முகச்சாடை இருக்கிறதா என்று கேட்டேன். “ரெண்டு பேரும் ஒரே மாதிரி முறைக்கிறியள்” என்றார். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் ஓட்டினேன். ஊரில் எங்கேயோ ஒரு பெண் பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தவிட்டை வாங்கிக்கொண்டு போவதாக நினைப்பு வரும். அவள் முகம் வருவதற்குள் லைட்டைப் போட்டுவிடுவேன். அவளைவிட எனக்கு அண்ணாவை நினைத்துத்தான் பயம். இவ்வளவு காலம் தங்கச்சி என்று கூப்பிட்ட வாய், அதற்குப் பிறகு என்ன சொல்லிக் கூப்பிடும்?

முடிவு அண்ணாவின் ஈமெயிலுக்குத்தான் வரும். பதிவு செய்தது அவர்தான்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்தது, அண்ணா எடுக்கவில்லை. நான் எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. மச்சாளுக்கு எடுத்தேன்.

“அவர் வெளிய போயிட்டார்” என்றா. பகிடி ஒன்றும் இல்லை. “நீங்கள் சாப்பிட்டனீங்களோ மச்சாள்?” என்று கேட்டா. அவ என்னிடம் ஒருநாளும் இவ்வளவு மரியாதையாக அதைக் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு நான் குசினி நிலத்தில் இருந்துவிட்டேன்.

பின்னேரம் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் அண்ணா. விடியத் தொடங்கி ஒரு முழுப் பகலும் காரோட்டி வந்த முகம். கண் சிவந்திருந்தது. கையில் கடைப் பை ஒன்று. உடுப்புப் பெட்டிகூட இல்லை. ஊரில் செத்தவீட்டுச் செய்தியைத்தான் இப்படி நேரில் கொண்டுவருவார்கள். எனக்குக் கதவைச் சாத்திவிடவேண்டும் போல இருந்தது.

“உள்ளுக்கு விடமாட்டியோ?” என்றார்.

குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “எனக்கு இங்கிலாந்து ஒரு பொட்டும் இல்லை” என்றார். “துரையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. முழுக்க எங்கட ஆக்கள்தான்.”

“எனக்கு?”

“உனக்கும் இல்லை.”

“நான் அதைக் கேக்கேல்லை அண்ணா.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

“நீயும் நானும் பொருந்தேல்லை” என்றார். “தூரத்துச் சொந்தம் எண்டும் காட்டேல்லை.”

பயந்துகொண்டிருந்த ஒன்று நடந்தே விட்டால் மனம் ஆறும் என்பார்கள். பொய். என் சொந்த வீட்டுக் குசினியில் யாரோ வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி நின்றேன்.

“அப்ப நான் ஆர்?”

“எனக்குத் தெரியாது. எனக்கு அப்ப நாலு வயசு. அம்மா வயிற்றோட ஆஸ்பத்திரிக்குப் போனவ. வரேக்க உன்னைக் கொண்டந்தவ. இடையில என்ன நடந்தது எண்டு ஆர் சொல்லுறது? அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.” கடைப் பையை மடியில் இழுத்து வைத்தார். பிறகு, “சுளகு வைச்சிருக்கிறியோ?” என்று கேட்டார்.

இந்த மனுசனுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். சுளகுக்கு கிரெய்கிபர்னில் நான் எங்கே போவேன்? கேக் போடும் தட்டம்தான் இருந்தது. அதை எடுத்து வைத்தேன்.

அண்ணா பையிலிருந்து ஒரு பைக்கெற்றை எடுத்தார். சூப்பர்மார்க்கெட்டில் காலைச் சாப்பாட்டுச் சாமான்களோடு விற்கும் ஓட்ஸ் தவிடு. வரும் வழியில் எங்கேயோ இறங்கி வாங்கியிருக்கிறார். பல்லால் கடித்துப் பிரித்துத் தட்டத்தில் கொட்டினார். பாதி மேசையில் சிந்தியது.

“ராவு முழுக்க யோசிச்சனான்” என்றார். “துரையிட பெயர் எனக்கு ரத்தத்தில வரேல்லை. பூட்டனுக்குத் தவிட்டுக்கு வந்த பெயர். உனக்கும் தவிட்டுக்குத்தான் வந்தது. இதில எனக்கு என்ன கூட, உனக்கு என்ன குறைய?”

நான் தட்டத்தில் இருந்த தவிட்டைப் பார்த்தேன்.

“ஆரும் இனி என்ர பிள்ளை எண்டு உன்னைத் தேடி வந்தா எனக்குப் பயம்” என்றார் அண்ணா. எல்லாப் பயமும் எனக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். “அம்மா வாங்கினது அம்மாவோட போச்சு எண்டு ஆரும் சொல்லலாம். அதுதான் இப்ப நான் வாங்க வந்தனான். விக்கிறதுக்கு அம்மா இல்லை. நீயே உன்னை வித்துவிடு.”

என்னைப் பெற்ற அந்தப் பெண், தவிட்டை வாங்கிக்கொண்டு போனவளோ போகாதவளோ, அவளைப் பற்றிய பயம் எனக்கு இன்னும் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. அன்றைக்கு மேசையில் சிந்தியதையும் ஒரு துணுக்கு விடாமல் கையால் கூட்டி அள்ளித் தட்டத்தில் போட்டேன். தட்டத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“சரி, வித்தாச்சு” என்றேன். “இனி என்னைத் திருப்பித் தரேலாது அண்ணா.”