'ங்க' போடாத ஒரு வேண்டாம்

நோட்டரி வக்கீல் மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றினார். "ஏனுங்க, உயிலுங்களா? தோட்டமா, ஊடா?"

"ரெண்டும் இல்லீங்க. மூச்சுங்க," என்றார் அப்பா.

போன புதன்கிழமை, எங்கள் கணபதிப் பகுதியில். அறுபத்தெட்டு வயது அப்பா, தன் லேத் பட்டறைக்கு அரை நாள் லீவு விட்டு, பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இருவரைச் சாட்சிக்கும், என்னைத் துணைக்கும் அழைத்து வந்திருந்தார். கையில் நாலு பக்கப் பேப்பர்.

கருணைக்கொலையா என்று பதறாதீர்கள். ஊசி போட்டு முடித்துவைக்க நம் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இது வேறு. இனி மீள வழியில்லை என்று மருத்துவர் குழுக்களே சொன்ன பிறகு, மூச்சை வெறுமனே இழுத்துப் பிடிக்கும் மிஷின்களை நிறுத்தச் சொல்லும் உரிமை. உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. தெளிவாக இருக்கும்போதே எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரி சான்று வாங்க வேண்டும். நமக்காகப் பேச ஓர் ஆளையும் அதில் குறிப்பிட வேண்டும்.

அந்த இடத்தில்... என் பெயர்!

"அண்ணன் பேரை ஏன் போடலை?"

"உன்ற அண்ணன் டாக்டரப் பாத்தாலே கையக் கட்டிக்குவான். என்னையாட்டவே."

சிங்காநல்லூர் பெரியப்பாவைத்தான் அப்பா நினைத்துக்கொண்டார். 'என்னைய மிஷின்ல போட்றாத தம்பி' என்று அப்பாவிடம் பலமுறை சொல்லி வைத்திருந்தவர். கடைசியில் ஐ.சி.யூ.வில், குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று அவர் கையைக் கட்டிப்போட்டிருந்தார்கள். டாக்டர் நல்லவர். தொடரலாமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். ஒவ்வொரு முறையும் அப்பா சொன்னது ஒன்றே ஒன்று — "நீங்க பாத்துச் செய்யுங்க."

பத்தொன்பது நாள்.

எங்கள் ஊரில் யாருக்காவது முகத்துக்கு நேரே 'வேண்டாம்' சொல்ல வருமா? பந்தியில் இலையை மறைத்து 'இருக்கட்டுங்க' என்போம். வரன் பிடிக்காவிட்டால் 'பாத்துட்டுச் சொல்றோமுங்க'. நான் மட்டும் விதிவிலக்கு. அத்தை வீட்டில் பணியாரத்தை மொட்டையாக 'வேண்டாம்' என்று சொல்லித் திட்டு வாங்கியவள். "'ங்க' போடு கண்ணு" — இந்த இருபத்தாறு வயது வரைக்கும் அப்பா சலிக்காமல் திருத்துகிறார்.

"சம்மதந்தானுங்களா அம்மணி? அன்னைக்கு நீங்கதான் வாயத் தொறக்கோணும்," என்றார் நோட்டரி.

அப்பனைக் கைவிட்டுட்டா பாரு என்று சொந்தமெல்லாம் பேசாதா? அதைவிட... என்னால் முடியுமா?

அப்பா பேப்பரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்கண்ணனுக்கு நாஞ் சொல்லலை கண்ணு. எனக்கு நீ சொல்லிப்போடு."

"சொல்றேன்," என்றேன்.

கையெழுத்துப் போட்டார். லேத்தில் பழகிய கை, துளி நடுக்கமில்லை. சாவு என்ற பேச்சை எடுத்தாலே வாயைப் பொத்தும் தெருவில், இதற்காக லீவு விட்டு, சட்டை இஸ்திரி போட்டு வந்த மனுஷன் — என் அப்பா! கல்லூரியில் மெடல் வாங்கிய அன்றுகூட எனக்கு இத்தனை பெருமை இல்லை.

எங்கள் ஊர் மரியாதையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதற்கு ஒரே ஓர் இடத்தில் லீவு கொடுக்கலாம். ஐ.சி.யூ. வாசலில்.

திரும்பும் வழியில் பேக்கரி. "இன்னொரு தேங்கா பன்னு வெக்கட்டுங்களா?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம்," என்றேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன்.

டீயை ஊதிக்கொண்டிருந்தார். திருத்தவில்லை.