விமானத்துக்காக மூடிய கிணறு

அமைச்சரின் ஹெலிகாப்டர் இறங்குவதற்காகத் திருத்தங்கல் மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் அதை செல்போனில் படம் பிடித்தார்கள். ஈரச் சுண்ணாம்பின் நெடி மூக்கில் ஏறியதும், இந்த எண்பது வயதில் எனக்கு அய்யாவின் கைகள் ஞாபகத்துக்கு வந்தன.

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஊருக்கு வெளியே விமானத் திடல் ஒன்று அமைத்தார்கள். எங்கள் பருத்திக்காடும் அதற்குள் போயிற்று. தரை சமமாக வேண்டும் என்று, அய்யா தோண்டிய கிணற்றை அய்யாவையே கூலிக்கு அமர்த்தி மூடவைத்தார்கள். அதன்மேல் சுண்ணாம்பு வட்டம் போட்டவரும் அவர்தான். சோறு பிசையும்போதும் அவர் விரல்களில் அந்த நெடி இருக்கும்.

விமானத்தைப் பார்க்க ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அய்யா ஒருநாளும் போகவில்லை. இரண்டு கோடைக்குப் பிறகு விமானம் வருவது நின்றுபோனது. காட்டை எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் மழை இல்லை. அய்யா கிணற்றைத் திரும்பவும் தோண்ட இறங்கினார்.

"போட்ட மண்ணு நிக்காது, விட்ருங்க" என்று அம்மா கெஞ்சினாள்.

"நான் போட்ட மண்ணுதான, எனக்குத் தெரியாதா?" என்றார்.

ஒரு மத்தியானம் மண் சரிந்தது. ஊரே கூடி அள்ளி, பொழுது சாயும் நேரத்தில் அவரை மேலே கொண்டுவந்தார்கள். அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். பிறகு இறுகிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கையில் இருந்த மண் ஈரமாக இருந்தது.

"தண்ணி வந்திருச்சு போல" என்றாள் அம்மா.